இல்லை என்று எழுதிக் கொடுத்தேன்

"தண்ணி குடிச்சிட்டு பாருங்கம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் அந்தப் பெண் காவலர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். சட்டையில் துர்காதேவி என்று பெயர் இருந்தது. என் வயதுதான் இருக்கும். தன்னுடைய பாட்டிலையே என் முன்னால் நகர்த்தி வைத்தார். நான் குடிக்கவில்லை. வெளியே பிளாட்பாரத்தில் கடற்கரை வண்டி கிளம்பப்போவதாக அறிவிப்பு கேட்டது. அத்தா காணாமல் போய் அன்றோடு ஐந்தாவது நாள். செங்கல்பட்டுக்கும் பரனூருக்கும் நடுவில் தண்டவாளத்தின் ஓரமாக வயதான ஆண் ஒருவரின் உடல் கிடைத்திருக்கிறது, வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று காலையில் ரயில்வே போலீசிலிருந்து போன் வந்திருந்தது. தம்பி ஜுனைத் என்னுடன் வந்தான். நிலையத்தின் வாசல் வரை வந்தவன் அங்கேயே நின்றுவிட்டான். "நீயே பாத்துட்டு வாக்கா. என்னால ஆவாது" என்றான்.

மூன்று படங்கள். முதல் படம் தூரத்திலிருந்து எடுத்தது. நனைந்த ஜல்லி, புதர், வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி. அந்த வயதில் பாதிப் பேர் அப்படித்தான் உடுத்துகிறார்கள். இரண்டாவது படம் முகம். வலது பக்கம் முகமாகவே இல்லை. இடது பக்கம் மட்டும் தூங்குகிற மாதிரி இருந்தது. அந்தப் பக்கத்துத் தாடி ஒட்ட வெட்டியிருந்தது. மோவாயின் நடுவிலிருந்து நீளம் கூடிக்கொண்டு போனது.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அத்தாவின் தாடியை நான்தான் கத்தரித்தேன். பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கழுத்தில் துண்டு கட்டி உட்கார வைத்தேன். இடது பக்கம் முடிவதற்குள் அவருக்குப் பொறுமை போய்விட்டது. தலையைத் திருப்பித் திருப்பிக் கொண்டார். "போதும் வுடும்மா, கட தொறக்கணும்" என்றார். சரி, மறுபக்கம் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் வேலை இருந்தது.

"நல்லா பாத்து சொல்லுங்கம்மா. அவசரமில்ல" என்றார் துர்காதேவி.

மூன்றாவது படத்தை நான் பார்க்கவில்லை. "இல்ல மேடம். இவரு இல்ல" என்றேன். என் குரல் சாதாரணமாக இருந்தது. அலுவலகத்தில் ஒரு கோப்பைப் பார்த்துவிட்டு இது நம்முடையது இல்லை என்று சொல்வது போல. அவர் இன்னொரு முறை கேட்டார். இன்னொரு முறையும் இல்லை என்றேன். ஒரு தாளை நீட்டினார். "படங்களைப் பார்த்தேன். அது என் தந்தை பஷீருதீன் அல்ல" என்று எழுதி, ஆஸ்மா என்று கையெழுத்துப் போட்டு, கீழே போன் நம்பரும் எழுதினேன்.

ஜுனைத் வாசலில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "இல்லல்ல?" என்றான். நான் தலையாட்டினேன். அவன் அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "எனக்குத் தெரியும்க்கா. அத்தா எங்கியோ நல்லாத்தான் கீறாரு" என்றான். ஸ்டேஷன் எதிரே கடையில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். சர்க்கரை தூக்கலாகப் போடச் சொன்னான். அம்மாவுக்குப் போன் போட்டு, "அம்மா, அத்தா இல்லம்மா, வேற யாரோ" என்று கத்தினான். நாங்கள் கேளம்பாக்கம் வந்து சேர்ந்தபோது அம்மா முசல்லா விரிப்பிலிருந்து எழுந்து வந்தாள். நன்றிக்காக இரண்டு ரக்அத் தொழுதேன் என்றாள். அந்த நிமிடத்துக்குப் பிறகு நான் சொன்னதைத் திருப்பி எடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

அத்தாவை மாமல்லபுரத்தில் சைக்கிள் பாய் என்றால்தான் தெரியும். பஸ் நிலையத்திலிருந்து கடற்கரைக்குப் போகிற தெருவில், ஒரு துணிக்கடைக்கும் லாட்ஜுக்கும் இடையில் எட்டடி அகலத்தில் ஒரு கொட்டகை. வெளிநாட்டுக்காரர்களுக்குச் சைக்கிள் வாடகைக்கு விட்டார். முப்பத்திரண்டு வருடம் அந்தத் தொழில். மற்ற கடைகளில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அத்தா எதையும் வாங்கிக்கொள்ள மாட்டார், எதிலும் எழுதவும் மாட்டார். வருகிறவனின் முகத்தை ஒரு முறை நிமிர்ந்து நன்றாகப் பார்ப்பார். அவ்வளவுதான். "பேரு மாத்தி சொல்லுவான். மூஞ்ச மாத்த முடியாது" என்பார். நாலு வருடம் கழித்து வந்தவனைக்கூடத் தெருமுனையிலேயே பார்த்துவிட்டு, அவன் உயரத்துக்குச் சீட்டை ஏற்றி வைத்துவிட்டுக் காத்திருப்பார். பிரெஞ்சில் நான்கு வார்த்தை, ஜெர்மனில் மூன்று, இத்தாலியனில் ஒரு கெட்ட வார்த்தை தெரியும். அதை வைத்தே எல்லோரையும் சிரிக்க வைப்பார்.

இருட்டுவதற்குள் சைக்கிள் திரும்பவில்லை என்றால் கிளம்பிவிடுவார். சைக்கிளுக்காக இல்லை. பஞ்சராகி எங்கேயாவது உட்கார்ந்திருப்பான், பாஷை தெரியாமல் முழிப்பான் என்பார். புலிக்குகை வரைக்கும், சில நாள் அதைத் தாண்டியும் மிதித்துப் போய், ஆளையும் சைக்கிளையும் கூட்டிக்கொண்டு வருவார். சுனாமியில் கொட்டகையும் பதினொரு சைக்கிளும் போயின. அப்போதும் அவர் முதலில் கேட்டது காலையில் எடுத்துக்கொண்டு போன இரண்டு பெண்களைப் பற்றித்தான். அவர்கள் திருக்கழுக்குன்றம் போயிருந்தார்கள். அவர்கள் திரும்பி வந்து அவர் எதிரில் நிற்கும் வரை அவர் உட்காரவே இல்லை.

நான் எட்டாம் வகுப்பு படித்த வருடம் ஒருவன் திரும்பவில்லை. இருபத்து நான்கு, இருபத்தைந்து வயது இருக்கும். அத்தா அவனை லூக்காஸ் என்றார். அவன் நிஜப் பெயர் அதுதானா என்று எனக்குத் தெரியாது. தேவனேரிக்குப் பக்கத்தில் சவுக்குத் தோப்பில் சைக்கிள் சாய்த்து வைத்திருந்தது. ஹேண்டில்பாரில் அவன் சட்டையும் செருப்பும் தொங்கின. அத்தா போலீசில் சொல்லிவிட்டு வந்தார். மூன்றாம் நாள் உடல் கரை ஒதுங்கியது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவன்தானா என்று சொல்ல அவனைப் பார்த்த ஆள் வேண்டும். லாட்ஜ் மேனேஜர், எனக்கு முகம் ஞாபகமில்லை என்று ஒதுங்கிக்கொண்டார். மூன்று நாள் கடலில் கிடந்த முகத்தைப் பார்க்க யாருக்கும் தைரியமில்லை, வழக்கு வம்பு என்ற பயம் வேறு. அத்தா கடையை மூடிவிட்டுப் போலீஸ் ஜீப்பில் ஏறிப் போனார்.

மத்தியானம் பஸ்ஸில் திரும்பி வந்தார். வீட்டுக்குள் வராமல் பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்து வெகுநேரம் குளித்தார். அம்மா சோறு போட்டாள், கையை வைக்கவில்லை. அம்மாவுக்குக் கோபம். "லாட்ஜ்காரனே வேணாம்னு ஒதுங்கிட்டான். உங்களுக்கு இன்னாத்துக்கு இந்த வேல?" என்றாள். அத்தா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். "இந்த ஊர்ல அவனுக்குத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன் தான் ஷரீபு. நானும் தெரியாதுன்னு சொல்லிட்டா அப்புறம் அவன் யாரு?" என்றார். நான் கதவோரம் நின்று கேட்டேன். அன்று அது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. நான் அவர் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குளித்த பிறகும் விரல் இடுக்கில் சைக்கிள் கிரீஸ் இருந்தது.

திரும்பாத சைக்கிள்காரர்களைத் தேடிப் போனது போல என்னையும் ஒருமுறை வந்து கூட்டிக்கொண்டு போனார். எனக்குக் கல்யாணமாகி வாணியம்பாடி போய் மூன்றாவது வருடம். போனில் நான் எதையும் சொன்னதில்லை. ஒருநாள் காலை அத்தா பஸ் ஏறி வந்து நின்றார். மாமியார் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து அவர்கள் கொடுத்த டீயைக் குடித்தார். என் முகத்தை நிமிர்ந்து ஒரு முறை பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார். "துணிமணி எடுத்துக்கினு வா, போலாம்" என்றார். வழியில் ஒரு கேள்வி கேட்கவில்லை. காஞ்சிபுரத்தில் இறங்கி இட்லி வாங்கிக் கொடுத்தார். அதன் பிறகுதான் நான் படிப்பை முடித்தேன், நாவலூரில் வேலைக்குச் சேர்ந்தேன், கேளம்பாக்கத்தில் இரண்டாவது மாடியில் ஒரு வீடு வாங்கினேன்.

முகங்களை மறக்காத மனிதருக்கு முகங்கள்தான் முதலில் மறந்தன. கடையில் ஒரே நாளில் இரண்டு பேரிடம் ஆள் மாறிப் பேசினார். பிறகு ஜுனைதை யாரோ என்று நினைத்து, "இன்னா தம்பி, எத்தினி நாளைக்கு வேணும் சைக்கிளு?" என்று கேட்டார். டாக்டர் மூளையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இது கூடிக்கொண்டேதான் போகும் என்றார். அத்தாவையும் அம்மாவையும் என்னிடம் அழைத்துக்கொண்டேன். ஜுனைத் திருப்போரூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து அத்தாவைக் குளிப்பாட்டிவிட்டுப் போவான். என் பெயர் அத்தாவுக்குப் போய்விட்டது. ஆனால் நான் தனக்கு வேண்டிய ஆள் என்று தெரியும். "யம்மா, வூட்டுக்கு எப்ப போலாம்?" என்று என்னிடம்தான் கேட்பார். இதுதான் வீடு என்றால், நான் பொய் சொல்வதைக் கண்டுபிடித்துவிட்டவர் போலச் சிரிப்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு வீட்டிலிருந்தே வேலை. பதினொன்றரைக்கு வாடிக்கையாளருடன் வீடியோ கால். நான் பேசிக்கொண்டிருக்கும்போது, திரையின் மூலையில் என் முகம் தெரிகிற சின்னக் கட்டத்தில், எனக்குப் பின்னால் அத்தா வந்து நிற்பது தெரிந்தது. சட்டை போட்டிருந்தார். தொப்பி வைத்திருந்தார். என்னிடம் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். நான் திரும்பவில்லை. இடது கையைப் பின்னால் நீட்டி, போங்கத்தா என்று ஆட்டினேன். அத்தா ஒரு நிமிடம் நின்றார். பிறகு கட்டத்திலிருந்து வெளியே போனார். அம்மா குளியலறையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். கதவைத் திறக்கும் சத்தம் எனக்கு ஹெட்போனில் கேட்கவில்லை. தெருமுனைக் கேமராவில் பதினொன்று ஐம்பதுக்கு அவர் ஷேர் ஆட்டோவில் ஏறுவது பதிவாகியிருந்தது. பக்கத்தில் இருந்த பெண் நகர்ந்து இடம் கொடுக்கிறாள். அதற்குப் பிறகு எந்தக் கேமராவிலும் அவர் இல்லை.

ஏன் இல்லை என்று சொன்னாய் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். நான் போகச் சொன்னேன், போனார். அந்தப் படத்தைப் பார்த்து ஆமாம் என்று சொன்னால், நான் போகச் சொன்ன இடம் அதுதான் என்று ஆகிவிடும். இல்லை என்று சொன்னால் அவர் இன்னும் எங்கேயோ ஆட்டோவில் போய்க்கொண்டிருப்பார். இவ்வளவு தெளிவாக அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது. மறுநாள் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் அம்மா அத்தாவின் மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து டப்பாவில் போட்டு வைத்திருந்தாள், வந்தவுடன் கொடுக்க வேண்டும் என்று. அதற்கடுத்த நாள் ஜுனைத் சுவரொட்டி அடித்துக்கொண்டு வந்தான். படத்தில் அத்தா சிரித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறுதோறும் தேடிப் போனோம். நானும் கூடவே போனேன். கோவளம் தர்காவில் வரிசையாகப் படுத்திருந்தவர்களின் போர்வையை விலக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான் ஜுனைத். நானும் குனிந்து பார்த்தேன். முதியோர் இல்லங்களில் படத்தைக் காட்டினோம். விழுப்புரத்திலிருந்து ஒருவர் போன் செய்தார் என்று அவன் கடையைப் பூட்டிவிட்டு ஓடினான். மூன்று நாள் கழித்துக் காய்ச்சலோடு வந்தான். யாரைக் கேட்டாலும் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது என்றார்கள். அந்த ஒவ்வொரு பேச்சும்தான் அவனுக்கு ஒரு வாரச் சாப்பாடு. பத்தாவது வாரத்தில் அவன் இடுப்பில் பேன்ட் நிற்கவில்லை. புதிதாகத் துளை போட்ட பெல்ட்டின் நுனி நீளமாகத் தொங்கியது. அவன் மனைவி எனக்குத் தனியாகப் போன் செய்து, "கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கக்கா. தூக்கத்துல அத்தா அத்தான்னு எழுந்து உக்காந்துக்குது" என்று அழுதாள்.

அம்மா எதையும் கேட்பதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள் திரும்பி வரும்போது எங்கள் முகத்தைப் பார்ப்பாள், சோறு போடுவாள். கண்ணாடி வளையல்களைக் கழற்றவில்லை. உயிரோடு இருக்கிற கணவனுக்காகக் காத்திருக்கிறவள் அவள். இறந்தவருக்கு என்றால் நான்கு மாதம் பத்து நாள் வெளியே போகாமல் துக்கம் காத்து இத்தா இருக்க வேண்டும். நான் அந்த நாட்களை எண்ணத் தொடங்கியிருந்தேன். அம்மாவுக்கே தெரியாமல் அவளுடைய இத்தாவில் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது.

ஜனவரியில் ஒரு ஞாயிறு. மாமல்லபுரம் பஸ் நிலையச் சுவரில் அத்தாவின் பழைய படம் மழையில் ஊறி, முகம் வெளுத்துத் தொங்கியது. ஜுனைத் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டினான். நான் பசை வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இளநீர் வண்டிக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "நம்ம சைக்கிள் பாய்தான இது? நேத்து கூட அந்தாண்ட பாத்தேனேப்பா, லைட் ஹவுசாண்ட ஒக்காந்துகினு இருந்தாரே" என்றார்.

ஜுனைத் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு ஓடினான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வரிசையைக் கிழித்துக்கொண்டு அவன் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முப்பத்தொரு வயது அவனுக்கு. ஓடும்போது இடது தோளைச் சாய்த்து ஓடுவான், சின்ன வயதிலிருந்தே. இருபது நிமிடம் கழித்து நடந்து வந்தான். மூச்சு இரைத்தது. "வேற ஆளுக்கா. தாடி அதே மாரி. சாயந்திரம் வரிக்கும் இங்கியே இருந்து பாக்கலாமா? ஒருவேள அவரு சொன்னது வேற ஆளா இருந்தா?" என்றான்.

"ஜுனைத், அத்தா மவுத்தாயிட்டாருடா" என்றேன்.

அவன் கீழே கிடந்த பிரஷ்ஷை எடுத்தான். சுவரொட்டியின் ஒரு மூலை எழும்பியிருந்தது. அதைப் பசை தொட்டு அழுத்தினான். "இன்னாக்கா சொல்ற" என்றான், என்னைப் பார்க்காமல்.

"அன்னைக்கு ஸ்டேஷன்ல காட்டுன போட்டோ. அத்தா தான் அது. நான் இல்லன்னு சொல்லிட்டேன்."

மூலை ஒட்டிக்கொண்டது. அவன் அடுத்த மூலைக்குப் போனான். உள்ளங்கையால் தேய்த்தான். படத்தில் காற்றுக் குமிழி இல்லாமல் நடுவிலிருந்து வெளியே தள்ளித் தள்ளித் தேய்த்தான். எல்லாம் முடிந்த பிறகு கீழே சாக்கடை மேடையில் உட்கார்ந்தான். அவன் என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னைக்கு நான் உனுக்கு டீ வாங்கிக் குடுத்தேன்" என்றான்.

சுற்றுலாப் பேருந்து ஒன்று எங்கள் முன்னால் வந்து நின்று ஆட்களை இறக்கியது. ஒரு குழந்தை பசை வாளியை எட்டிப் பார்த்தது. அதன் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பேருந்து போன பிறகு அவன், "எங்க வெச்சிருக்காங்க?" என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. "தெரியாதா?" என்றான். "தெரியாதா?" என்று இரண்டாவது முறை கேட்டபோது குரல் உடைந்துவிட்டது.

மறுநாள் காலை செங்கல்பட்டு போனோம். இந்த முறை அவனும் உள்ளே வந்தான். துர்காதேவிக்கு என்னை அடையாளம் தெரிந்தது. நான் சொல்லி முடிக்கும் வரை குறுக்கிடவில்லை. "அன்னைக்கே எனக்குத் தோணுச்சும்மா" என்றார். "நீங்க போட்டோவ ரொம்ப நேரம் பாத்தீங்க. வேற ஆளா இருந்தா யாரும் அவ்ளோ நேரம் பாக்க மாட்டாங்க. ரெண்டு தடவ கேட்டேன். நீங்க எழுதியே குடுத்துட்டீங்க, நான் இன்னா பண்றது?" பிறகு எழுந்து போய் ஃபைலை எடுத்து வந்தார். இருபது நாட்களுக்கு மேல் பிணவறையில் வைத்திருந்தார்கள். வேறு யாரும் தேடி வரவில்லை. நவம்பர் முதல் வாரத்தில் அடக்கத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்படிப்பட்ட உடல்களைத் தன் செலவில் எடுத்துப்போய் அடக்கம் செய்கிற எல்லப்பன் என்பவரின் நம்பரை எழுதிக் கொடுத்தார். மூன்றாவது படத்தை இந்த முறை ஜுனைத்தான் பார்த்தான். அது கைகளின் படம். பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனான்.

எல்லப்பனுக்கு ஐம்பது வயது இருக்கும். சொந்தமாக மினி வேன் ஓட்டுகிறவர். வண்டியை ஓரம் கட்டிவிட்டு எங்களோடு நடந்து வந்தார். ஊருக்கு வெளியே, குன்றை ஒட்டிய புறம்போக்கில் மயானம். முந்தின இரவு பெய்த மழையில் செம்மண் களியாகிக் கிடந்தது. சீமைக் கருவேலம் சுற்றிலும் அடைத்திருந்தது. ஒரு மூலையில் வேலிக்கு முன்னால் நான்கு மேடுகள் காட்டினார். மேடு என்று சொன்னால்தான் தெரியும். மழையில் கரைந்து, புல் முளைத்து, ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன.

"அந்த வாரத்துல நாலு பாடிம்மா. மூணு ஆம்பள, ஒரு பொம்பள. ஒரே நாளு. குச்சி நட்டு நம்பர் கட்டி வெச்சேன். டிசம்பர் மழயில அடிச்சுகினு போயிடுச்சு" என்றார். அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. "இந்த நாலுல ஒண்ணு. எதுன்னு சொல்ல சொன்னா என்னால சொல்ல முடியாது. பொய் சொல்லக் கூடாதுல்ல."

"எங்காளுங்கள மேற்க பாத்து வெப்பாங்க" என்றான் ஜுனைத். சண்டை போடுகிற தொனி இல்லை. சொல்லி வைக்க வேண்டும் என்பது போலத்தான் சொன்னான்.

"எந்த ஆளுங்கன்னு பாக்குற நெலமையில நான் இல்ல தம்பி. மழ கொட்டுது, குழில தண்ணி ஊறுது. நாலு பேருக்கும் மால போட்டேன், சூடம் ஏத்துனேன். எனக்குத் தெரிஞ்சது அது தான்." பிறகு, "தப்பா இருந்தா மன்னிச்சிக்கோங்க" என்றார்.

தோண்டிப் பார்க்க வேண்டும் என்றால் தாசில்தார் உத்தரவு வேண்டும், எங்கள் ரத்தத்தோடு ஒப்பிட்டு டி.என்.ஏ. பரிசோதனை வேண்டும் என்று துர்காதேவி சொல்லியிருந்தார். எது என்று தெரியாததால் நான்கையும் தோண்ட வேண்டியிருக்கும். மற்ற மூன்று பேரும் யார் என்று யாருக்கும் தெரியாது. அவர்களையும் யாராவது ஒரு கணினித் திரையில் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் அந்த மேடுகளுக்கு முன்னால் நின்று, எது அத்தா என்று எனக்கு ஏதாவது தோன்றுகிறதா என்று பார்த்தேன். எதுவும் தோன்றவில்லை. எந்த முகத்தையும் மறக்காதவரின் மகள், ஒரு தடவை தெரியாது என்று சொன்னேன். இப்போது நிஜமாகவே தெரியவில்லை.

ஜுனைத் பாட்டில் தண்ணீரில் கை, முகம், கால் கழுவி ஒளு செய்தான். கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டான். நான்கு மேடுகளும் தனக்கு முன்னால் வரும்படி, சேற்றில் பின்னால் நகர்ந்து நகர்ந்து இடம் பார்த்து, மேற்கே பார்த்து நின்றான். கையை உயர்த்தி, அல்லாஹு அக்பர் என்று முதல் தக்பீர் சொன்னான். எல்லப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு அவனுக்குப் பக்கவாட்டில் நின்றார். நான் வேலியோரம் நின்றேன். நான்காவது தக்பீருக்கு அவனுக்குக் குரல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. முடித்து இரண்டு பக்கமும் திரும்பி ஸலாம் சொன்ன பிறகும் அவன் அசையாமல் நின்றான். கணுக்கால் வரை புதைந்திருந்தது.

பைக்கில் திரும்பி வரும்போது, திருப்போரூர் தாண்டி, அவன் முதன்முதலாகப் பேசினான். "அம்மா கிட்ட நீ சொல்லு" என்றான். சரி என்றேன். சிறிது தூரம் போன பிறகு, "இல்ல, நீ சொல்லாத" என்றான். நாவலூர் பக்கமிருந்து கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

அழைப்பு மணி அடித்தேன். அம்மா கதவைத் திறந்தாள். மடியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்திருக்கிறாள், புடவையில் இரண்டு இலை ஒட்டியிருந்தது. வழக்கம்போல எங்கள் முகத்தைப் பார்க்கப் போனவள், பாதியில் நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தாள். ஜுனைதின் பேன்ட் முழங்கால் வரை செம்மண். என் செருப்பிலும் கால் விரல்களிலும் காய்ந்து வெடித்த செம்மண். திங்கட்கிழமை, வேலை நாள், இரண்டு பேரும் சேர்ந்து எங்கே போனீர்கள் என்று அவள் கேட்கவில்லை. நான் வாயைத் திறந்தேன்.

"நில்லு" என்றாள் அம்மா. "அப்பிடியே நில்லுங்க ரெண்டு பேரும். உள்ள வராதீங்க."

உள்ளே போனாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. வாளி நிரம்புகிற வரைக்கும் நாங்கள் வாசலில் நின்றோம். எதிர் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அம்மா இரண்டு கையாலும் வாளியைத் தூக்கிக்கொண்டு, சுவரில் இடித்து இடித்து வந்து, வாசலில் வைத்தாள். குந்தி உட்கார்ந்தாள். முதலில் ஜுனைதின் காலில் ஊற்றினாள், பிறகு என் காலில். ஒரு கையால் ஊற்றி, மறு கையால் தேய்த்தாள். மண் கரைந்து சிவப்பாக ஓடி, வராந்தாவின் டைல்ஸ் இடுக்குகளில் பிரிந்து, படிக்கட்டின் விளிம்பில் சேர்ந்து, ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கியது. எங்கள் கால்கள் சுத்தமாகிவிட்டன. தண்ணீர் தெளிந்துவிட்டது. அம்மா தலையை நிமிர்த்தாமல் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.